முத்தமில்லாத படம்

பிரெஞ்சுப் படம் காட்டுவதற்காக என்னை யாரும் விமானம் ஏற்றி அழைக்கவில்லை. தங்கையின் கலியாணத்துக்கு வந்தேன். மூத்தவள் என்ற முறையில் சமைக்க வேண்டும், வந்தவர்களைக் கவனிக்க வேண்டும், அழ வேண்டிய இடத்தில் அழ வேண்டும். அதை ஒழுங்காகச் செய்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான். இதில் கடலும் டொல்பினும் வரும் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கியவர்கள் இப்போதே மூடிவிடலாம். இரண்டும் வரும். அவற்றால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

கொழும்பிலிருந்து புத்தளம் பஸ் ஏறினேன். குளிரூட்டி வேலை செய்யும் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். சிலாபத்துக்குக் கிட்ட எஞ்சினிலிருந்து ஆவி கிளம்பியது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, சிங்களத்தில், “ஒன்றும் பயமில்லை, பஸ்ஸுக்குத் தண்ணீர் விடாய்,” என்றான். விடாய் தீர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பிரான்சில் ரயில் நாலு நிமிஷம் பிந்தினால் ஆளாளுக்கு மௌத்து வீட்டில் நிற்பதுபோல் பெருமூச்சு விடுவார்கள், பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இங்கே பஸ் நின்றதும் எல்லோரும் சொந்தக்காரராகிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் அவித்த சோளத்தை முறித்துப் பாதியை என் மடியில் வைத்தாள். எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன், மாப்பிள்ளை என்ன செய்கிறார், எல்லாம் கேட்டாள். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். “நல்ல பையன் கிடைத்தால் கடலில் போகிறவன் என்ன, காட்டில் போகிறவன் என்ன,” என்றாள். சோளத்தில் உப்பு தூக்கலாக இருந்தது.

பாலாவியில் இறங்கியபோது மாப்பிள்ளையே ஆட்டோவோடு நின்றான். ஆஷிக். என் வாப்பாவின் மூத்த சகோதரி மகன். எனக்கும் தங்கைக்கும் மச்சான் முறை. கத்தாரில் சில வருஷம் வெயிலில் காய்ந்து, திரும்பி வந்து படகு வாங்கி, ஆலங்குடாவில் வெளிநாட்டுக்காரருக்கு டொல்பின் காட்டுகிறான். இதெல்லாம் எதற்காக? என் தங்கை ருஸ்னாவுக்காக. அவள் பாவாடை சட்டையோடு திரிந்த காலத்திலேயே, “கட்டினா அவளைத்தான்,” என்று வீட்டில் சொன்னவன். வாப்பா, “சொந்தமா ஒரு படகு வரட்டும், பாப்பம்,” என்றார். படகும் வந்தது, வாப்பாவும் ஓம் என்றார்.

“மச்சி, மெலிஞ்சிட்டீங்க,” என்றான். பெட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பெட்டி மெலியல்ல,” என்றான். உப்பளங்களைத் தாண்டி, நடு றோட்டில் நின்ற கழுதைகளுக்கு வழிவிட்டு, காற்றாலைகளுக்குக் கீழால் கண்டக்குழி வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் அவன் கட்டிய புது அறையைப் பற்றித்தான் கதை. ஜன்னல் கடல் பக்கம் வைத்தால் கட்டில் துருப்பிடிக்கும், றோட்டுப் பக்கம் வைத்தால் தூசு. “அவ கடல் பக்கம்தான் கேட்டா. அப்ப மரக்கட்டில் செஞ்சிட்டன்,” என்றான்.

எங்கள் வீட்டில் உம்மா இல்லை. ருஸ்னா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டைத் தாங்கியது ஆஷிக்கின் உம்மா, எங்கள் மாமி. இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி இருந்த இடத்தில் இப்போது ஒரு முருங்கை மரம்தான் நிற்கிறது. மாமிக்குப் பெரிய குரல், பெரிய சிரிப்பு. மனதில் உள்ளது ஒரு நிமிஷம்கூட உள்ளே தங்காது. நான் வாசலில் கால் வைத்ததும் கட்டிப் பிடித்து, “எண்ட தம்பிட மூத்த புள்ள வந்துட்டா, இனி நான் சமைக்க மாட்டன்,” என்று கத்தினார். சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய் இடியப்பமும் சொதியும் மாசிச் சம்பலும் கொண்டு வந்து வைத்தார். நான் பாரிஸுக்குப் பக்கத்து ஊரில் என் கையால் இடியப்பம் பிழிந்து பார்த்திருக்கிறேன். வந்தது நூடில்ஸ்.

அடுத்த நாள் ஆலங்குடாவுக்குப் போனேன். ஆஷிக்கின் படகில் அன்று ஒரு வயதான பிரெஞ்சுத் தம்பதி. ஓர் இடம் காலியாக இருந்தது, என்னையும் ஏற்றிக்கொண்டான். கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. டொல்பின் ஒன்றுகூட வரவில்லை. வெயில் ஏற ஏற அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“மலைக்குப் போவோம் என்று நான் சொன்னேன். நீதான் மீன் பார்க்க வேண்டும் என்று நின்றாய்.”

“டொல்பின் மீன் இல்லை.”

“இல்லாத சாமான் மீனாக இருந்தால் என்ன, யானையாக இருந்தால் என்ன?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகத்திரை போடாவிட்டாலும் தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுப்போடு மூலையில் இருந்த நான் பிரெஞ்சில், “அம்மா, கோபிக்காதீர்கள், அவை திரும்பும்போது வரும்,” என்றேன். அந்த மனுசி படகிலிருந்து விழப் பார்த்தாள். திரும்பும்போது உண்மையாகவே ஒரு கூட்டம் துள்ளிக்கொண்டு வந்தது. அவள் அழுதாள், புருசனுக்கு முத்தம் கொடுத்தாள். ஆஷிக் மறுபக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தான்.

பின்னேரத்துக்குள் கண்டக்குழி முழுக்கக் கதை பரவிவிட்டது. பிரான்ஸ் ராத்தா வெள்ளைக்காரியை வாயடைக்க வைத்துவிட்டாவாம். பிரெஞ்சு தண்ணிபோல் ஓடுதாம். என் பிரெஞ்சு எப்படி வந்தது என்று இவர்களுக்குத் தெரியாது. பிரான்சில் நான் இருக்கும் ஊரில் ஒரு சின்னத் திரையரங்கு இருக்கிறது. அதில் கதிரைகளுக்குக் கீழே சிந்தியிருக்கும் சோளப்பொரியைக் கூட்டுவது என் வேலை. ஒரு பழைய காலத்துக் காதல் படம் மாதக்கணக்கில் ஓடியது. நான் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்று அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வாய் திறக்கப் பழகினேன். அதனால் கடைக்காரனிடம் பேசும்போதுகூட, “ஐயா, தங்கள் அருளால் ஓர் இறாத்தல் வெங்காயம்,” என்கிற மாதிரித்தான் வரும். என் பிள்ளைகள் வெட்கத்தில் தள்ளிப் போய் நிற்பார்கள்.

செவ்வாய்க்கிழமை ருஸ்னாவுக்கு மருதாணி. வெள்ளி பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுப் பெண்கள் எல்லோரும் எங்கள் ஹோலில் கூடிவிட்டார்கள். ஆண்கள் ஒருத்தரும் இல்லை. ருஸ்னா சுவரில் சாய்ந்து இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மருதாணி காயும் வரை அசையக் கூடாது. சும்மா இருந்தால் பொழுது போகுமா?

“ராத்தா, பிரான்ஸ் படம் ஒண்டு போடுங்களன்.”

“சீ, அவங்கட படத்துல அசிங்கம் இரிக்கும்,” என்று ஒருத்தி சொன்னாள். சொன்னவளே கதிரையை டீவிக்குக் கிட்ட இழுத்தாள்.

அந்தப் படம் என்னிடம் பென் டிரைவில் இருந்தது. ஊருக்குப் போகிறேன் என்றதும் வேலைத்தலத்தில் ஒரு பிள்ளை அன்பாகப் போட்டுத் தந்தது. நான் எழும்பி நின்று, “இதுல ஒரு முத்தம்கூட இல்ல. ரெண்டு மணித்தியாலமும் ஆளை ஆள் தொடவே மாட்டாங்க. அப்படி ஒரு அடக்கமான படம்,” என்று உத்தரவாதம் கொடுத்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஹஸீனா மிஸ்ஸும் முன்வரிசையில் இருந்தார். அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் இந்தப் படத்தையே தெரிந்தெடுத்தேன். வேறு ஏதாவது கூத்துப் படம் போட்டிருந்தால் அஞ்சாவது நிமிஷத்தில் நிறுத்தியிருப்பார்கள், என் தங்கை இன்று மாப்பிள்ளை வீட்டில் இருந்திருப்பாள்.

படம் தொடங்கியது. புல்வெளி, குதிரை வண்டி, மழை. பெரிய வீட்டுப் பிள்ளை ஒருத்தி ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொன்னேன்.

“இவளுக்கு வீட்டுல வேலை ஒண்டும் இல்லையா?” என்றார் மாமி.

“வேலைக்காரர் இரிக்காங்க மாமி.”

“அதுதான் காதல் வருது.”

ஹோல் முழுக்கச் சிரிப்பு. “பாவாட நல்ல நீளம், மாஷா அல்லாஹ்,” என்றாள் ஒருத்தி. “அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க எவ்வளவு போகும்?” என்றாள் இன்னொருத்தி. ருஸ்னா மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பிள் தோட்டத்தில் வேலை செய்யும் பொடியன் ஒருத்தன் ஏணியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி, அந்தப் பிள்ளையைப் பார்த்தான். “இவன் ஆஷிக் நானாட சாயல்,” என்று ஒரு குமரி சொன்னாள். ருஸ்னா காலால் அவளை உதைத்தாள். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாளாகிவிட்டது. அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளையின் அத்தை வந்து, “யார் இந்தத் தோட்டக்காரன்?” என்று கேட்கிறாள். அவள் சிரித்துக்கொண்டு பதில் சொல்கிறாள். பிரெஞ்சில் அது ஒரு செல்லமான சொல். பால் அண்ணன் என்று அர்த்தம். பெரிய வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் பெற்ற பிள்ளையைக் கிராமத்துப் பெண் ஒருத்தியிடம் பால் குடிக்கக் கொடுப்பார்கள். அவள் பெற்ற பிள்ளை இந்தப் பிள்ளைக்குப் பால் அண்ணன். அவர்களுக்கு அது உறவும் இல்லை, தடையும் இல்லை. கட்டிக்கொள்ளலாம், தாராளமாக. அந்தப் படத்தில் தடை எல்லாம் காசுதான். அந்தச் சொல்லை நான் தும்புத்தடியோடு நின்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! ஒரு தரமாவது நெஞ்சில் தைத்ததா? இல்லை. பிரெஞ்சில் கேட்டால் பிரெஞ்சாகவே கேட்கிறது.

அக்காவுக்கு ராத்தா என்பதுபோல் அண்ணனுக்கு எங்கள் பேச்சில் நானா. நான் தமிழில் சொன்னேன். “இவர் எண்ட பால்குடி நானா.”

“அஸ்தஃபிருல்லாஹ்!” என்றார் ஹஸீனா மிஸ். “அப்ப எப்படி இவங்க ரெண்டு பேரும்?”

“அவங்க மார்க்கத்துல அது பரவாயில்ல மிஸ்.”

“நம்மட மார்க்கத்துல கூடப்பிறந்தவன் மாதிரி. நிக்காஹ் கூடாது. ஹறாம்.”

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாமிக்கு ஒரு சந்தேகம். படத்தில் அந்தப் பொடியன் பிள்ளையைவிட மூத்தவன் என்று பார்த்தாலே தெரிகிறது. “மூத்தவன் எண்டா ரெண்டு பேரும் ஒண்டாக் குடிச்சிருக்க மாட்டாங்களே. இவன் பால் மறந்த பொறகுதானே இவ வந்திருப்பா. அப்ப எப்படி நானா?”

ஹஸீனா மிஸ் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். பெரிய மொழிபெயர்ப்பாளர் அல்லவா! “தாய் ஒண்டுதானே மாமி. எந்தப் புள்ளைக்கு வந்த பாலாக இருந்தா என்ன? அந்தத் தாய் பெத்த எல்லாரும் அவளுக்குச் சகோதரம்தான்.”

மாமி சிரித்தார். “போடி, அப்படிப் பாத்தா நம்ம ருஸ்னாவும் ஆஷிக்குமே சகோதரம்தான். இவளுக்கும் நான்தானே பால் குடுத்தன். அது நஸ்மியாக்கு வந்த பால். ஆஷிக் அப்ப பால் மறந்து மூணு வயசு.”

நஸ்மியா ஆஷிக்கின் தங்கை. ருஸ்னாவோடு ஒத்த வயது. இப்போது புத்தளத்தில் கலியாணம் முடித்து இருக்கிறாள்.

மாமி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. டீவியில் அந்தப் பிள்ளை அப்பிள் மரத்தடியில் நடந்துகொண்டிருந்தாள். யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

ஹஸீனா மிஸ் மெல்லக் கேட்டார். “எத்தன தடவை குடுத்தீங்க?”

“தடவையா? இவள் பிறந்த கையோட உம்மாக்காரிய ஆஸ்பத்திரில படுக்க வச்சிட்டாங்க. நாப்பது நாளும் இவ எண்ட மார்லதான் கெடந்தா. ஒரு பக்கம் நஸ்மியா, மத்தப் பக்கம் இவ. பால்மா குடுத்தா இவ துப்பிருவா.” பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடிக்கும்போதுதான் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு ருஸ்னாவைப் பார்த்தார். “என்ன? என்னடி? அது நஸ்மியாட பால்...” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெரிய குரல் வரவில்லை.

இத்தனை வருஷம் இது எப்படி யாருக்கும் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் தலையில் அடித்துக்கொண்டு கேட்டேன். அந்த நாட்களில் வாப்பா முல்லைத்தீவுப் பக்கம் மீன் வாடியில் தங்கித் தொழில் செய்தார். என்னைப் புத்தளத்தில் பெரியும்மா வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது, “மாமிதான் புள்ளைய வளத்தா,” என்றார்கள். வளர்த்தார் என்றால் என்ன என்று யார் கேட்கப் போகிறார்கள்? உம்மாவுக்குத் தெரிந்திருக்கும். உம்மா போய்விட்டார். மாமி ஒருநாளும் மறைக்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். பால் எந்தப் பிள்ளைக்கு ஊறியதோ அந்தப் பிள்ளையோடுதான் உறவு என்று நினைத்துக்கொண்டு, மகனுக்குப் பெண் கேட்டுத் தானே தட்டத்தில் வெற்றிலையும் பழமும் வைத்து வந்தார்.

ருஸ்னாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் மருதாணி, துடைக்க முடியவில்லை. நான் என் முந்தானையால் துடைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் பரவாயில்லை, தானாகத் தேடிக்கொண்டது. நான் கெடுத்தது என் தங்கையை.

படத்தை யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். முத்தம் இல்லாமல்தான்.

செய்தி ஆஷிக்குக்கு எப்படிப் போனதோ தெரியாது. படகைக் கரையில் விட்டுவிட்டு ஈரக் காற்சட்டையோடு ஓடி வந்தான். முருங்கை மரத்தடியில் மாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “உம்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒண்டு ரெண்டு தடவைதானே? மிச்சமெல்லாம் பால்மா தானே?” மாமி கையை உருவப் பார்த்தார். “உம்மா, உங்களுக்கு ஞாபகம் இல்லத்தானே? ஞாபகம் இல்ல எண்டு மட்டும் சொல்லுங்க. நான் வேற ஒண்டும் கேக்க மாட்டன்.” அவன் சின்னப்பிள்ளை மாதிரி அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் போய் மாமியின் காலடியில் குந்தினேன். “மாமி, சொல்லுங்க மாமி,” என்றேன். எனக்கு அந்த நேரத்தில் மார்க்கமும் தெரியவில்லை, மறுமையும் தெரியவில்லை. மரக்கட்டில் போட்ட அந்த அறைதான் கண்ணுக்குள் நின்றது.

புதன்கிழமை காலையில் பள்ளிவாசல்துறையிலிருந்து மௌலவியைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனிதர், கதைப்பதற்கு முன் யோசிப்பவர். வாப்பாவும் ஆஷிக்கும் ஹோலில் அவரோடு இருந்தார்கள். நாங்கள் பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம். முதல் நாள் படம் பார்த்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஹஸீனா மிஸ்ஸும் வந்திருந்தார். இவர் நாற்பது நாளைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

மௌலவி பிளேன்டீயைத் தொடாமல் சொன்னார். “அஞ்சு தடவை, புள்ள வயிறு நிறையக் குடிச்சிருந்தா, அது உறுதியாத் தெரிஞ்சா, இவங்க ரெண்டு பேரும் சகோதரம். நிக்காஹ் இல்ல. அதுக்குக் குறைவு எண்டா, இல்லாட்டி எத்தன எண்டு தெரியாத சந்தேகம் எண்டா, ஹறாம் எண்டு சொல்ல ஏலாது. சொல்ல வேண்டியது பால் குடுத்த தாய்தான். உம்மா, அல்லாஹ்வை முன்னால வச்சுச் சொல்லுங்க. எத்தன தடவை?”

மாமி திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழைக்காலத்தில் வாய்க்காலைத் தாண்டத் தெரியாமல் நிற்கும் ஆடு மாதிரி நின்றார். தொழுகையில் ஒரு வக்து தவறவிட்டதில்லை அவர். நெத்தலி விற்கும்போதுகூட தராசில் ஒரு பிடி கூடத்தான் போடுவார்.

“ஞாபகம் இல்ல,” என்றார். “ஒண்டு, ரெண்டு. மிச்சம் பால்மா.”

“உறுதியா?”

“ஓம்.”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்று அந்த அறையில் இருந்த ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நாற்பது நாள் என்று காதால் கேட்டவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஹஸீனா மிஸ்ஸின் உதடு மட்டும் அசைந்தது. ஓதினாரா, பாவமன்னிப்புக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. அவர்களையெல்லாம் கட்டிப் பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது.

மௌலவி பிளேன்டீயைக் கையில் எடுத்தார். பிறகு, “அப்ப சந்தேகம்தான். வெள்ளிக்கிழமை நிக்காஹ் செய்யலாம். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மனசு ஒப்பினா,” என்றார். பிளேன்டீயைக் குடித்துவிட்டு எழும்பினார். வாசலில் செருப்பைப் போடும்போது வாப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வீடு திரும்பவும் வீடாகியது. யாரோ ஆட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வட்டிலாப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டி காணாது என்று ஒருத்தி சண்டை பிடித்தாள். மாமி மட்டும் எதிலும் சேரவில்லை. தன் வீட்டில் தொழுகைப் பாயில் இருந்தார். சாப்பாடு கொண்டு போனேன். “எனக்கு வேணாம் புள்ள. இந்தப் பாவம் என்னோட இருக்கட்டும். என்னோட மட்டும் இருந்தாச் சரி,” என்றார். பாயை விட்டு எழும்பவில்லை.

நான் ருஸ்னாவிடம் ஓடினேன். “முடிஞ்சுதுடி, எல்லாம் சரி,” என்றேன்.

“மாமி எனக்காகப் பொய் சொன்னாங்க ராத்தா.”

“வாய மூடு. மௌலவி சொல்லிட்டார்.”

“மௌலவி மாமி சொன்னதுக்குச் சொன்னார். நான் மாமி சிரிச்சுச் சொன்னதைக் கேட்டவள்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. “அப்ப நீ என்ன செய்யப் போறாய்? அவன் இத்தன வருஷம் கத்தார் வெயில்ல வெந்தது இதுக்கா? யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க சாகும் வரைக்கும் சொல்ல மாட்டாங்க. கண்ண மூடிக்கிட்டு வாழ்ந்துட்டுப் போ.”

“நீங்க விமானம் ஏறிப் போயிருவீங்க ராத்தா. நான் ஒவ்வொரு நாளும் அந்த மனுசன்ட முகத்தைப் பாக்கணும். மாமிட முகத்தையும் பாக்கணும். எங்களுக்கு ஒரு புள்ள பொறந்து, நான் அதுக்குப் பால் குடுக்கேக்க எனக்கு என்ன ஞாபகம் வரும்?”

அவளை ஏசினேன், கெஞ்சினேன், அசர் பாங்கு சொல்லும் வரை அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்றே இல்லாமல் போய்விட்டது. கடைசியில், “எனக்குக் கொஞ்சம் யோசிக்கணும்,” என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு நான் நம்பினேன். யோசித்தால் ஆசை ஜெயிக்கும் என்று நினைத்தேன். படங்களில் அப்படித்தான்.

வியாழக்கிழமை காலை ஆஷிக் வந்தான். இடுப்பில் புதுச் சாரம், சவரம் செய்த முகம். கையில் ஒரு பெரிய பாரைமீன், கலியாண வீட்டுக்கு. நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். வாப்பா கதிரையில் இருந்தார். மாமியும் மௌலவி போன பிறகு முதல் தடவையாக எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அறைக் கதவைத் திறந்துகொண்டு ருஸ்னா வந்தாள். தலையில் முக்காடு இல்லை. பின்னிய முடி தோளில் கிடந்தது. மச்சான் வந்தால் எங்கள் வீட்டில் தலையை மூடாமல் எந்தப் பெண்ணும் வெளியே வர மாட்டாள். கலியாணம் முடிக்கக் கூடிய ஆண் அல்லவா? கூடப்பிறந்தவனுக்கு முன்னால் மூட வேண்டியதில்லை. ஆஷிக் அவளுடைய முடியை அவ்வளவு கிட்டப் பார்த்தது அன்றுதான். முதலில் அவன் கண் அதில் நின்றுவிட்டது. என்ன அர்த்தம் என்று அவனுக்குப் பிறகுதான் உறைத்தது. மீனைக் கீழே வைத்தான்.

மாமி சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டார். எனக்குக் கோப்பி கையில் சிந்திச் சுட்டது. நான் கையை எடுக்கவில்லை.

ருஸ்னா நேரே அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை. இரவெல்லாம் சொல்லிப் பார்த்திருப்பாள்.

“நானா,” என்றாள். “காலைல சாப்பிட்டீங்களா?”

அவன் வாப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தரையில் இருந்த உம்மாவைப் பார்த்தான். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தான்.

“இல்ல,” என்றான்.

பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, “இல்ல, தங்கச்சி,” என்றான்.